எந்தக் கட்சி என்று கேட்ட அப்பா

பாப்பா,

நீ பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை. நீ சாப்பிட உட்காரும்போது எதிரில் வந்து உட்காருகிறேன். "என்னப்பா?" என்கிறாய். "ஒண்ணுமில்ல, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். இருபத்தெட்டு வயது மகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் காகிதம். இதை நீ உன் அம்மாவிடம் காட்டலாம், மாப்பிள்ளையிடம் காட்டலாம், உங்கள் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினாலும் சரிதான். ஒளித்து வைத்தவரை போதும்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. தாலி கழுத்தில் ஏறுவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று பழையது, உனக்கு மஞ்சள் காமாலை வந்து பரீட்சை எழுத முடியாமல் போன வருஷத்தில் நடந்தது. இன்னொன்று, உன்னைக் கேட்காமல் எழுமலையில் உன் மாமனாருக்கு நான் கொடுத்துவிட்டு வந்த வாக்கு. இரண்டுக்கும் காரணம் என் சந்தேகம்தான்.

நான் எதையும் நம்பாதவன் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ரிட்டயர்டு ஆனவன். பஸ்ஸில் ஏறியதும் நான் முகங்களைப் பார்க்க மாட்டேன், கைகளைப் பார்ப்பேன். டிக்கெட் வைத்திருப்பவன் கை சும்மா கிடக்கும். எடுக்காதவன் கை சட்டைப்பையைத் தடவும், பையின் ஜிப்பைத் திறந்து மூடும். அப்படியே பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வருகிற பால்காரரிலிருந்து உன் சித்தப்பாவரை எல்லோருடைய கையையும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பழக்கத்தால் எனக்கு வேலையில் நல்ல பெயர். வீட்டில் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பச்சை பனியன் போட்டுக்கொண்டு கிளம்பினாய். முதுகில் ஏதோ குழுவின் பெயர். எங்கே என்று கேட்டேன்.

"கண்மாய் சுத்தம் பண்ணப் போறோம்ப்பா."

"யாரு கூப்பிட்டா?"

"வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தாங்க. ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் நடத்துறாரு."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

நீ சிரித்தாய். "கண்மாய்ல தண்ணி வேணுமாம்ப்பா."

நான் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு உனக்குத் தெரியாமல் டவுன் பஸ் ஏறி அந்தக் கண்மாய்க் கரைக்கு வந்தேன். கரையோரப் பெட்டிக்கடையில் நின்று பார்த்தேன். நாற்பது பேருக்கு மேல் இருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பெனி வேன் வந்தது. ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி தொப்பி, கையில் உறை. முதலில் பேனரைக் கட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், குழியில் வைத்தார்கள், வைத்த பிறகு இன்னொரு படம். வேன் கிளம்பிப் போய்விட்டது. நட்ட கன்றுக்கு ஊற்ற ஒரு வாளிகூட அவர்கள் கொண்டுவரவில்லை. நீயும் இன்னும் நாலைந்து பேரும் கண்மாயிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றினீர்கள். இரண்டு மாதம் கழித்து அதே குழிகளில் வேறொரு ஆபீஸ்காரர்கள் வேறு கன்றுகளை வைத்துப் படம் எடுத்ததையும் நான் வந்து பார்த்தேன். ஆமாம், அன்றைக்கும் வந்திருந்தேன்.

எங்கள் காலத்தில் தெருவில் ஒரு சாவு விழுந்தால் யாரும் கூப்பிடாமல் நாலு பேர் மூங்கில் வெட்டப் போவார்கள். அவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர் கிடையாது. இன்றைக்கு யாரைப் பார்த்தாலும் தன்னார்வலர். காலேஜ் பையனுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆபீஸ்காரருக்கு மேலதிகாரி பார்க்கிற படம் வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் யாரும் பேச்சைக் கேட்பதில்லை, இங்கே வந்தால் கேட்கிறார்கள். இன்னொருத்தருக்கு அடுத்த தேர்தலில் வார்டு வேண்டும். இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லாத நாள் இல்லை. நீயும் பதில் சொல்லாத நாள் இல்லை. "அப்படியே இருக்கட்டும்ப்பா. சான்றிதழுக்கு வந்தவனும் ரெண்டு மூட்டை குப்பை அள்ளிட்டுத்தான் போறான்" என்பாய். நாற்பது பேர் இருபது ஆனார்கள். இப்போது ஒன்பது பேர்தான் என்று நீயே சொன்னாய். மற்றவர்கள் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை. நீ நிற்காததுதான் எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, நம் வில்லாபுரம் தெருமுனை மாடி வீட்டுக்கு சௌந்தர் என்று ஒருவர் குடிவந்தார். முப்பது வயதுதான் இருக்கும், தனி ஆள். ஒரு தனியார் லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை. அன்றைக்கு அவன் இவன் என்றுதான் அவரைச் சொல்லுவேன். இன்றைக்கு என்னால் அப்படி எழுத முடியவில்லை. தை மாதம், நான் டூட்டி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு.

"அண்ணே, முனை வீட்டு மாடியில குடியிருக்கேன். லேப்ல வேல. பத்து நாள்ல நம்ம தெருவுல இருந்து மட்டும் நாலு பேரு ரத்தம் வந்துச்சு. நாலும் மஞ்சக்காமாலை. குடிதண்ணி லைன்ல எங்கயோ சாக்கடை கலக்குதுன்னு நெனைக்கிறேன். எந்தெந்த வீட்ல யாருக்கு என்னன்னு தெரிஞ்சா, எந்த எடத்துல ஒடஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். உங்க வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், வாந்தி இருக்காண்ணே? உங்க குழாய் எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

"எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"கட்சியெல்லாம் இல்லண்ணே."

"அப்ப எந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. நான் வழக்கம்போலக் கையைப் பார்த்தேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதுபோதும் எனக்கு. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று பேசுகிற கூச்சக்காரன் கையும் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

கதவைச் சாத்தியதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் இருந்தபோது, "லேப்காரன் ஒருத்தன் நோட்டத் தூக்கிட்டு வாரான். பேரு, நோய் எல்லாம் கேக்குறான். கமிஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புற வேல. யாரும் சொல்லாதீக" என்றேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் சொன்னால் தப்பாக இருக்குமா? மறுநாள் முதல் நம் வீட்டு வரிசையில் அவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தேன். எழுதவே கை கூசுகிறது. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய், "ஒங்க மாடியில இருக்குறவன், ஆம்பளைக இல்லாத நேரமாப் பாத்து வீடு வீடாப் போறான். பாத்துக்கங்க" என்று சொன்னேன். அது உண்மையில்லை. நம் வீட்டுக்கு அவர் வந்ததே நான் இருந்த நேரத்தில்தான். மாதக் கடைசியில் அவரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

போகிற அன்றைக்கு ஒரு டெம்போவில் சாமானை ஏற்றிவிட்டு, நம் வாசலில் நின்று உன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். "அக்கா, யாரு என்ன சொன்னாலும் சரி, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் அம்மாவும் பெரிய குண்டானில் வைத்துக் கொதிக்கவிட்டாள். நாலைந்து நாள் கழித்துத்தான் நான் கவனித்தேன். "அவன் சொன்னான்னு நீ கொதிக்க வைக்கிறியா? அப்ப நான் ஊருக்குள்ள சொன்னது பொய்யா?" என்று சத்தம் போட்டேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

அதற்கு அப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை, உனக்குக் கண் மஞ்சளானது. வேதியியலும் உயிரியலும் நீ எழுதவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "எழுதிருவேன்ப்பா, உக்காந்து எழுத முடியும்ப்பா" என்று நீ சொன்னது என் காதில் இருக்கிறது. விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அந்த வருஷம் போனது, அந்தச் சீட்டும் போனது.

நீ படுத்திருந்த மூன்றாவது வாரத்தில் நம் வாசலுக்கு நேர் எதிரே ரோட்டைத் தோண்டினார்கள். சாக்கடைத் தொட்டியை ஒட்டிப் போன குடிதண்ணீர்க் குழாயில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். எட்டிப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். வேலையை நடத்திய மேஸ்திரி கையில் ஒரு ஜெராக்ஸ் காகிதம் வைத்திருந்தார். நம் தெருவின் படம். வீட்டுக்கு ஒரு கட்டம். எதிர் வரிசைக் கட்டங்களில் எல்லாம் சின்னச் சின்னக் குறிகள். நம் வரிசையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமனே கிடந்தன. காலி பண்ணிப் போவதற்கு முன்னால் சௌந்தர் அதைக் கொண்டுபோய் மாநகராட்சி ஆபீஸில் கொடுத்திருக்கிறார்.

"இந்த வெறுங்கட்டத்துல எல்லாம் எழுதியிருந்தா மொதல்லயே இங்கன தோண்டியிருப்போம் சார்" என்றார் மேஸ்திரி. "குறி இருக்குற பக்கமா ரெண்டு தடவ தோண்டிப் பாத்தோம். ஒண்ணுமில்ல. அதுலயே ஒரு மாசம் போயிருச்சு."

நான் உள்ளே வந்தேன். "என்னப்பா சத்தம்?" என்று படுத்தபடியே கேட்டாய். "கேபிள் போடுறாங்க" என்றேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எப்படி வந்தது என்று கேட்டபோதெல்லாம், ஸ்கூல் வாசலில் தள்ளுவண்டியில் கரும்புச்சாறு குடித்தாள், அந்த ஐஸ்தான் காரணம் என்று சொன்னேன். உனக்கு முன்னாலேயே சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் தப்பு என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாய். உன் தப்பு இல்லை பாப்பா. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர். கொதிக்க வைத்ததை நிறுத்தச் சொன்னவன் நான்.

அதற்கு அடுத்த வருஷம் உசிலம்பட்டி பஸ் ஒன்றில் செக்கிங்குக்கு ஏறினேன். பின்னாலிருந்து மூன்றாவது சீட்டில் சௌந்தர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "பாப்பாவுக்கு இப்ப ஒடம்பு பரவால்லையாண்ணே? லேப்ல பேரப் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். குத்தல் இல்லை, கோபம் இல்லை. அந்த நேரத்தில்கூட என் மனசு என்ன செய்தது தெரியுமா? இவன் எதற்காக இதைக் கேட்கிறான் என்று யோசித்தது. பதில் சொல்லாமல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டு ஆன பிறகு அவரைத் தேடிப் போனேன். அந்த லேப் இல்லை, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட நம் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு நீங்கள் கண்மாயை விட்டுவிட்டு பழங்காநத்தத்தில் வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்தீர்கள். சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக வர வேண்டும், வராவிட்டால் தண்ணீரில் குளோரின் போடவில்லை என்று அம்மாவுக்கு நீ செய்து காட்டினாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சௌந்தரைப் பற்றி நானும் சொன்னதில்லை, உன் அம்மாவும் சொன்னதில்லை. அப்படியிருக்க, அத்தனை வேலை இருக்கிற ஊரில் நீ போய் இந்த வேலையைப் பிடித்தது எப்படி என்று யோசித்தேன். யாராவது உன்னிடம் சொல்லிவிட்டார்களோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை செருப்பு தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் பின்னால் வந்தேன். பழங்காநத்தத்தில் நீ நுழைந்த தெருவின் எதிரே ஒரு டீக்கடையில் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வீட்டின் இரும்புக் கேட்டை நீ தட்டினாய். என் வயசுக்காரர் ஒருவர் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குள் நின்றபடியே சத்தமாகக் கேட்டார், எனக்கே கேட்டது.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லண்ணே, நான் டீச்சர்" என்றாய்.

"டீச்சருக்கு ஞாயித்துக்கெழம இங்க என்ன வேல? பேரு நம்பரு எல்லாம் எழுதிக்கிட்டுப் போயி என்னத்துக்கு வம்பு? போங்க, போங்க."

உள்ளே போய்விட்டார். நீ அந்தக் கேட்டின் கதவெண்ணைப் பார்த்தாய். பிறகு உன் போனில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாய். என் டீ ஆறிப்போனது. அடுத்த வாரமும் வந்தேன். அதே கேட்டில் நீ மறுபடி நின்றாய், அவர் மறுபடி விரட்டினார். மூன்றாவது வாரம் அவர் வாசலில் இருந்து கத்திக்கொண்டிருக்கும்போதே, பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஒரு அம்மா கையை நீட்டி, தண்ணீர் பிடித்த பாட்டிலை உன்னிடம் கொடுத்தார். அவர் மனைவியாகத்தான் இருக்கும். நீ அந்தக் கையைத் தொட்டு ஏதோ சொன்னாய். அந்த மனுஷனைப் பார்க்க எனக்கு அசிங்கமாக இருந்தது. அசிங்கம் அவர் மேல் இல்லை.

இவ்வளவும் பார்த்து, இவ்வளவும் புரிந்த பிறகும் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். எழுமலையில் நிச்சயம் பேசப் போன அன்றைக்கு, உன் மாமனார் என்னைத் தன் உரக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன் அம்மாவும் கூட வந்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். பொண்ணு ஞாயித்துக்கெழமயானா வீடு வீடா ஏறி எறங்குதாமே? கட்சி கிட்சின்னு எதுவும் இருக்கா? எங்க சாதிசனத்துக்குள்ள இதெல்லாம் பழக்கமில்ல. நாளைக்கு நாலு பேரு கேப்பாக."

நல்ல இடம். மாப்பிள்ளைக்கு மதுரையிலேயே வேலை. இரண்டு மூன்று வரன் தட்டிப்போன பிறகு வந்த இடம். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு சம்பந்தி. கல்யாணம் ஆனா விட்டுரும். நான் சொல்றேன்."

உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் பேசவில்லை. பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க சத்தம் போட்டீக, அடுப்ப அணைச்சேன். பேசாம இருந்தேன். அவளுக்கு ஒரு வருசம் போச்சு. கரும்புச்சாறுன்னு ஊரெல்லாம் சொன்னீக, அப்பவும் பேசாம இருந்தேன். இந்தத் தடவ இருக்க மாட்டேன். நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

"எழுமலைக்குப் போயிட்டு வாரேன். வந்து அவகிட்டச் சொல்றேன்" என்றேன்.

போன சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நான் தனியாகப் போய்வந்தேன். பத்திரிகை விஷயம் என்று உன்னிடம் சொன்னது பொய். உன் மாமனார் கடையில் இருந்தார். நான் உட்காராமலேயே சொன்னேன்.

"சம்பந்தி, அன்னைக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். அதத் திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன். எம்மகள கேக்காம குடுத்தது. அது விடாது. விடச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சம்பந்தி, பொண்ணு வார்டுக்கு நிக்கப் போகுதா?"

வேறு யாராவது இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். "எனக்குத் தெரியல. நின்னாலும் அது அதோட முடிவு" என்றேன்.

"பத்திரிகையெல்லாம் அடிச்ச பெறகு வந்து சொல்றீகளே?"

"தப்புதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஒத்துவரலைன்னா இப்பவே சொல்லிருங்க."

அதற்குள் ஒருவர் உரமூட்டை கேட்டு வந்தார். உன் மாமனார் எழுந்து போய், வந்தவரிடம் மழை, விதை, கிணறு என்று வேண்டுமென்றே நேரம் போக்கிப் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். திரும்பி வந்து, "எனக்குப் பிடிக்கல. வெளிப்படையாச் சொல்றேன். பையன்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்றார். காபி குடிக்கச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரை வெயிலில் நடந்து வந்தேன். உன் கல்யாணத்தை என் வாயால் முடித்து, என் வாயாலேயே முறித்துவிட்டேனோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் போன் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, எங்கப்பா கேட்டதும் எனக்குத் தெரியாது, நீங்க குடுத்ததும் தெரியாது. ரெண்டு பேரும் எங்களக் கேக்காம எங்களப் பத்திப் பேசியிருக்கீங்க."

"உங்களுக்கு இதுல சம்மதமா மாப்ள? அவ ஞாயித்துக்கெழம போறது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம எனக்குக் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் மாமா. நானும் வீட்ல இருக்கப் போறதில்ல. அவ போனா எனக்கென்ன?"

சமூகம், சேவை என்று பெரிய வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால் நான் கையைப் பார்த்திருப்பேன். இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவருடைய அப்பா கோபத்தில்தான் இருக்கிறாராம். கல்யாணத்துக்கு வருவாராம், கொஞ்ச நாளைக்கு என்னோடு பேச மாட்டாராம். கிளம்பும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்கதான் சொல்லணும். கேட்டுட்டு அவ வேணாம்னு சொன்னா, எனக்கு வருத்தமா இருக்கும். ஆனா அது அவ எடுக்க வேண்டிய முடிவு."

சொல்லிவிட்டேன் பாப்பா. இனி நீ கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. சந்தேகத்தை முழுசாக விட்டுவிடாதே. நீங்கள் வீடு வீடாக எழுதி வாங்குகிற பெயரும் போன் நம்பரும் கடைசியில் யாரிடம் போகின்றன என்று அந்த பேங்க் ஆபீசரிடம் ஒரு நாள் கேள். சாக்குப்போக்கு சொன்னால் விடாதே. பேனரோடு வருகிறவர்களை இறக்கிவிட்டு வேலை வாங்கு. உன் குழுவையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, அது என் ரத்தத்தில் வராது. ஆனால் சௌந்தரிடம் நான் கேள்வி கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தியதுதான் தப்பு. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசினேன். என்னை மாதிரி ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். உங்கள் குழு நாற்பதிலிருந்து ஒன்பதானதற்குப் பேனர்காரர்கள் மட்டும் காரணமில்லை.

கல்யாணம் வேண்டும் என்றால் நடக்கட்டும். உன் மாமனாருக்கு நான் இனி எந்த வாக்கும் கொடுக்க மாட்டேன், நீயே பேசிக்கொள். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காதே, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே. பத்திரிகை கொடுத்த அத்தனை வீட்டுக்கும் நானே போகிறேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவளைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தவன் நான் என்று சொல்கிறேன். சில வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள். சில வீட்டில் உள்ளேயிருந்தே விரட்டுவார்கள். அப்போது என்ன செய்வது என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அப்பா